கப்பலுக்குப் போற பஜ்ஜி எண்ணெய்

…நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்? எண்ணெய்ல சாம்பல் இருக்குன்னு நீங்க சொல்றீங்க. சாம்பல் எங்கேர்ந்து வரும்? அடுப்புலேர்ந்துதான் வரும். எங்க கடை வரிசையில கரி அடுப்பு வெச்சிக்கினு இருக்கறது யாரு? முருகையன் ஒருத்தருதான். அவரு பாட்டுக்கு சிக்கன சுட்டுக்கினு இருப்பாரு, பக்கத்துல எண்ணெச் சட்டி கொதிச்சிக்கினு இருக்கும். காத்து அடிச்சா பறந்து வந்து உழாதா? உழும். நான் கண்ணால பாக்கல. ஆனா உழும். நான் யாரையும் காட்டிக் குடுக்கற ஆளு இல்ல சார். பேரு முருகையன், ஊரு கீழ்பென்னாத்தூரு, கடை இங்கேர்ந்து மூணாவது. அதுக்கு மேல என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது.

உக்காருங்க சார். டெஸ்ட்டுக்கு எடுத்த அந்த பாட்டில எதுக்கு கொழந்தையாட்டம் நெஞ்சோட அணைச்சிக்கினு நிக்கறீங்க? டேபிள் மேல வைங்க. பழைய எண்ணெய யாரு வந்து திருடப் போறாங்க… திருடுவாங்க, அது வேற கதை, அப்பால சொல்றேன். மொதல்ல சாப்புடுங்க. வாழக்கா பஜ்ஜி, சட்டியிலேர்ந்து இப்பதான் எடுத்தது. ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளக்காரங்கல்லாம் இத தின்னுட்டுத்தான் சார் தியானத்துல போயி உக்கார்றாங்க. உக்காந்த ஒடனே கண்ணு தானா மூடிக்குதாம்.

இல்ல, நான் கேக்கறேன், ஒரே ஒரு தடவ சாம்பல் வந்துச்சு. அதுக்காக மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆள அனுப்புவாங்களா? அதுவும் உங்கள மாதிரி ஒல்லியா ஒரு புள்ளைய, இந்த வெயில்ல, பைக்குல! இந்த பாட்டில்லயும் சாம்பல் வந்தா எங்க வரிசையையே லிஸ்டுலேர்ந்து அடிச்சிட்டு, பழைய எண்ணெய் ஊத்தற டிரம்ம தூக்கிக்கினு போயிடுவோம்னு போன்ல சொன்னீங்களே, அன்னிலேர்ந்து நான் சரியா தூங்கல சார். முருகையன் தூங்கறாரு, நல்லா தூங்கறாரு. மிச்சர் கடை விருசபதாசனும் தூங்கறாரு. நான்தான் முழிச்சிக்கினு படுத்திருக்கேன்.

டிரம்மு போனா போவுதுன்னு அவங்களுக்கு. எனக்கு அப்பிடி இல்ல. என் புள்ள கப்பல்ல இருக்கான் சார்.

கலையரசன்னு பேரு. சமையல் படிச்சிட்டு கப்பல்ல வேலைக்குப் போயிட்டான். சரக்கு கப்பல் இல்ல, உல்லாசக் கப்பலு. போட்டோ காட்டறேன் இருங்க… கையெல்லாம் மாவு. சரி, நான் வாயாலயே சொல்லிடறேன். நம்ம ராஜகோபுரத்த படுக்க வெச்சாப்புல இருக்கும். உள்ள நீச்சல் குளமாம், சினிமா கொட்டாயாம், கடைத்தெருவாம். ஒரு ஊரையே தூக்கி தண்ணி மேல வெச்சிட்டு, அப்பால ஊர சுத்திப் பாக்கப் போறோம்னு கெளம்பறாங்க! அதுல இவன் உருளக்கெழங்கு உரிக்கறான். இங்க எனக்கு ஒரு வெங்காயம் உரிச்சிக் குடுத்தது கெடையாது சார்.

நான் கப்பல பாத்ததில்ல. கடலே ஒரே ஒரு தடவ பாண்டிச்சேரியில பாத்தேன், பாத்த ஒடனே போதும்னு திரும்பிட்டேன். நமக்கு மலை போதும். அது பாட்டுக்கு ஒரே எடத்துல இருக்கு, காலையில எழுந்து பாத்தா அங்கயேதான் இருக்கு. இந்தக் கடல் இன்னான்னா சும்மா நிக்கத் தெரியாம ஆடிக்கினே இருக்குது.

அந்தக் கப்பலுக்கு முன்ன இன்னா ஊத்துவாங்க தெரியுமா? உங்களுக்குத் தெரியும், நீங்க படிச்சவரு, இருந்தாலும் கேளுங்க. தாரு மாதிரி ஒரு எண்ணெயாம். கெட்டியா, கருப்பா, சூடு பண்ணாத்தான் ஓடுமாம். அத எரிச்சா வர்ற பொகை இருக்கே! மேல்தட்டுல வெள்ளச் சட்ட போட்டுக்கினு காத்து வாங்க உக்காந்தவங்க மேல கரித்தூளா கொட்டுமாம். ஒரு அம்மா ஐஸ்கிரீம்ல உழுந்துடுச்சாம். அந்தம்மா சாக்லேட்டுத் தூளுன்னு நெனச்சி தின்னுட்டு, நல்லாருக்கு இன்னும் கொஞ்சம் போடுன்னு என் பையன கேட்டிச்சாம். அவன் இன்னா பண்ணுவான்? சிரிச்சானாம்.

அப்பால உலகம் பூரா சத்தம் போட்டாங்களாம், ஊர சுத்திப் பாக்கறதுக்கு ஊரையே பொகை போடுவியான்னு. நியாயந்தானே? அதனால வேற எதையாவது எரிப்போம்னு கப்பல்காரங்க ஒவ்வொன்னா தேடறாங்க. மொதல்ல கேஸு. கேஸ குளுர வெச்சி, குளுர வெச்சி, தண்ணியாட்டம் ஆக்கி அடைக்கறாங்களாம். கரி வராது, நல்லதுதான். ஆனா எரியாம கொஞ்சம் கசிஞ்சிட்டா அது காத்துக்கு இன்னும் கேடாம். இன்னொன்னு மெத்தனாலு. அந்தப் பேர கேட்டதுமே டேய் டேய்னு கத்திட்டேன். நம்ம பக்கம் அது எதுல கலக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? எத்தினி வூட்டுல எழவு உழுந்துச்சி! அதப் போயி கப்பலுக்குக் குடுக்கறாங்களேன்னு கேட்டேன். ‘யம்மா, கப்பல் குடிக்கலாம், மனுசன்தான் குடிக்கக் கூடாது’ன்றான். அப்பறம் ஹைட்ரஜனாம், அத வெக்க எடமே பத்தாதாம். அந்தக் குண்டாவ வெச்சா ஆளுங்களுக்கு எடம் ஏது? துறைமுகத்துல நிக்கும்போது கரையிலேர்ந்து ஒயரு இழுத்து கரண்டு குடுக்கறாங்களாம். நம்ம ஊர்ல குடுக்கச் சொல்லுங்க பாப்போம்! ஆடி மாசம் காத்தடிச்சா என் கிரைண்டரே ஓடல, கப்பல் எங்க ஓடும்?

இதெல்லாம் சொல்லிட்டுத்தான் சார் ஒரு நாள் சொன்னான். யம்மா, இப்ப எங்க கப்பல்ல பழைய சமையல் எண்ணெய டீசலாக்கி கலந்து ஓட்டறாங்கன்னு. டேய், நான் தெனம் பின்பக்கம் கொண்டுபோயி கொட்டறேனே, அதுவான்னேன். அதேதாம்மான்னான். அன்னிக்கு எனக்கு கெடச்ச சந்தோசத்த உங்ககிட்ட சொல்ல முடியாது. நான் பஜ்ஜி போட்ட எண்ணெய்ல என் புள்ள போற கப்பல் ஓடுது!

தெரியும் சார், தெரியும். எங்க எண்ணெய் அந்தக் கப்பலுக்குத்தான் போவுதுன்னு சொல்ல முடியாது, லாரிக்குப் போவும், பஸ்ஸுக்குப் போவும். பழைய எண்ணெய வாங்கிக்கறோம்னு உங்க கம்பெனிக்காரரு மொத மொதல்ல வந்தப்பவே சொன்னாரு, ‘லாரிக்கும் ஊத்துவாங்கக்கா, கப்பலுக்கும் ஊத்துவாங்க’ன்னு. லாரின்னது என் காதுல உழல. நான்தான் கடை கடையா ஏறி எறங்கி, எல்லாரும் இந்த டிரம்முலதான் ஊத்தணும்னு ஒத்துக்க வெச்சேன். முருகையன சம்மதிக்க வெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சி. அவரு ஒரு தடவ எண்ணெய மாத்தறதுக்குள்ள நான் ரெண்டு பௌர்ணமி பாத்துடுவேன். அதையும் மொபட்டுல வர்ற ஒரு ஆளுக்கு ஊத்திக் குடுத்துடுவாரு. அந்த ஆளு அத எதையோ போட்டு வெளுக்க வெச்சி, புது எண்ணெய்ல கலந்து, வேற கடைக்கு வித்து… திருடறாங்கன்னு சொன்னேன் இல்ல, அது இதுதான். சுத்தி நம்ம வயித்துக்கே வந்து சேரும். அதுக்குத்தான் டிரம்முக்கு பூட்டு. சாவி என் இடுப்புல. வேற யார் கையிலயும் கெடையாது. அவங்கவங்க ஊத்தணும்னா என்னக் கூப்புட்டு, நான் தெறந்து, நான் நின்னு பாத்து, நான்தான் பூட்டுவேன். அம்மாம் பந்தோபஸ்து!

இன்னா சார் அப்பிடிப் பாக்கறீங்க? சாவி எங்கிட்ட இருக்குதுன்னா… அதனாலதான் நான் மத்தவங்கள சந்தேகப்பட முடியுது.

இன்னொரு பஜ்ஜி எடுத்துக்குங்க. வேணாம்னு சொல்லாதீங்க. உலகத்துல இருக்கறவன்லாம் உக்காந்து பஜ்ஜி தின்னாலும் எல்லாக் கப்பலுக்கும் எண்ணெய் பத்தாதாம், கலையரசன் சொன்னான். நீங்க ஒருத்தரு வேணாம்னா எவ்ளோ கம்மியாவும் பாருங்க.

முருகையன் இல்லன்னா விருசபதாசன். ஆமா, அவரு மேலயும் எனக்கு சந்தேகம்தான். நல்ல மனுசன், ஜெயினரு. பரம்பரையா இந்த ஜில்லாதான், வந்தவாசி பக்கம் நெலம் கூட இருக்கு. வெங்காயம் கெடையாது, பூண்டு கெடையாது, பொழுது சாஞ்சா ஒரு வாய் சாப்ட மாட்டாரு. தண்ணியவே துணியில வடிகட்டித்தான் குடிப்பாரு, ஒரு சின்னப் பூச்சி செத்துடக் கூடாதுன்னு. பழைய எண்ணெயக் கூட வெள்ளத் துணியில வடிகட்டி எடுத்துக்கினு வருவாரு, சாமி அபிசேகத்துக்கு எடுத்துக்கினு வர்றாப்புல. அதுல எங்கேர்ந்து சாம்பல் வரும்னு கேக்கறீங்க. கேள்வி நல்ல கேள்விதான். ஆனா இவ்ளோ சுத்தமா ஒரு ஆளு இருந்தா எனக்கு சந்தேகம் வரும்.

அவருக்கும் முருகையனுக்கும் இந்த டிரம்மால வந்த சண்ட இருக்கே! கோழி பொரிச்ச எண்ணெயோட என் எண்ணெய் கலக்கறதான்னு இவரு நிக்கறாரு. அண்ணே, யாரும் திங்கப் போறதில்ல, எரிக்கத்தான் போறாங்கன்னு நான் சொன்னேன். அப்பால வேற ஒன்னு கேட்டாரு பாருங்க. ‘கஸ்தூரிம்மா, அந்தக் கப்பல் போறப்ப மீனு அடிபட்டா அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு வருமா?’ நான் இன்னா சொல்றது? கலையரசனுக்கே போன் போட்டுக் குடுத்துட்டேன். அவன் பொறுமையா சொன்னான், பெரியப்பா, தாரு எண்ணெய் கடல்ல கொட்டிச்சின்னா மீனுக்கு கேடு ஜாஸ்தி, இந்த எண்ணெய்ல கேடு கம்மின்னு. கம்மிதானே, இல்லன்னு சொல்லலியேன்னாரு. இருந்தாலும் சாக்கடையில ஊத்தினா எறும்பு சாவுதுன்னு யோசிச்சி, தனிப் புனல் ஒன்னு எடுத்துக்கினு வந்து ஊத்தறாரு. அந்தப் புனல முருகையன் தொடக் கூடாது. ஒரு நாள் வேணும்னே தொட்டுட்டாரு முருகையன். புதுப் புனல் வாங்கினாரு இவரு. நான் ரெண்டு பேரு கிட்டயும் போயி, அவரு உங்கள இன்னா சொன்னாரு தெரியுமான்னு கொஞ்சம் ஏத்திவுட்டேன். பொழுது போவணும் இல்ல சார்?

இப்ப சாம்பல்னு நீங்க சொன்னதும், ரெண்டு பேரும் பேசறதே இல்ல. நீ போட்ட, நீ போட்டன்னு. நேத்து விருசபதாசன் என் கடைக்கு வந்து கண்ணு கலங்கிட்டாரு சார். ‘என்னால ஒரு வரிசைக்கே கெட்ட பேரு வந்துடுச்சோ’ன்றாரு. அவரால எப்பிடி வரும்? அந்த மனுசன பாக்க பாவமா இருந்துச்சி. எனக்கு மனசு கேக்கல. ரெண்டு மசால் வடை குடுக்கலாம்னு பாத்தேன், வெங்காயம் போட்டிருந்தேன்.

ஆங்? இல்ல சார், எண்ணெயத் தவிர அதுல நாங்க ஒன்னும் போடறதில்ல. தண்ணி ஊத்தி அளவ ஏத்தறதா? அய்யய்யோ! என் புள்ள போற கப்பலுக்கு நான் தண்ணி ஊத்துவனா? இந்த மலை மேல ஆணையா சொல்றேன். எண்ணெய்தான். சுத்தமான எண்ணெய். கல்லு, மண்ணு, குப்பை, எதுவும் கெடையாது. எண்ணெயும்… விபூதியும். அவ்ளோதான்.

இன்னாத்துக்கு சார் பஜ்ஜிய கீழ வெச்சிட்டீங்க?

விபூதி சார். கோயில் விபூதி. நீங்க கேட்டது சாம்பலு. விபூதிய போயி யாராவது சாம்பல்னு சொல்லுவாங்களா? நாக்கு அழுவிடும். எண்ணெய டெஸ்ட் பண்ற உங்க மிஷினு நெத்தியில இட்டுக்காத மிஷினு, அதுக்கு ரெண்டும் ஒன்னாத்தான் தெரியும். அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?

எப்பலேர்ந்துன்னா… இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன். ஒரு நாள் வீடியோவுல பேசிக்கினு இருக்கான். பின்னால தட்டெல்லாம் தானா நகருது. புயல்மா, கப்பல் ஆடுதுன்னு சிரிக்கறான், மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. அப்பிடியே கட்டாயிடுச்சி. அப்பறம் போன் வரவே இல்ல. நான் கடைய மூடல சார், மூடிட்டு வூட்ல உக்காந்தா பைத்தியம் புடிச்சிடும். பஜ்ஜி போட்டுக்கினே அழுதேன். கேட்டவங்களுக்கு வெங்காயம்னேன். அன்னிக்கி பௌர்ணமி வேற. அந்தக் கூட்டத்துல நானும் கிரிவலம் நடந்தேன். அடி அண்ணாமலை கிட்ட வர்றப்போ நடு ரோட்டுல நின்னுட்டேன். யப்பா, நீ நெருப்பு, எரியறதெல்லாம் நீதான். அந்தக் கப்பலும் எரிஞ்சாத்தானே ஓடுது? அதுவும் நீதானேன்னு சாமிகிட்ட சண்ட போட்டேன்.

நீங்களே சொல்லுங்க. நம்ம ஊர்ல ஒரு சைக்கிள் வாங்கினாக் கூட எலுமிச்சம்பழம் வெச்சி, கற்பூரம் காட்டி, பொட்டு வெச்சித்தான் எடுக்கறோம். அம்மாம் பெரிய கப்பலுக்கு எவன் பூசை போட்டான்? சாராய பாட்டில கப்பல் மேல அடிச்சி ஒடைச்சி, அத தண்ணியில தள்ளுவாங்களாம், கலையரசன் சொல்றான். வெளங்குமா? நான் கடல்ல எறங்கிப் போயி அதுக்கு நெத்தியில பூச முடியுமா? முடியாது. ஆனா அது வயித்துக்குள்ள போறது என் கடையிலேர்ந்துதானே போவுது! அதான் மறுநாள் கோயில் விபூதிய ஒரு கை அள்ளி டிரம்முல போட்டு, கரண்டியால நல்லா கலக்கிவுட்டேன். ஆருத்ராவுக்கு வாங்கின தீப மை, மலை தீபத்துக் கொப்பரையிலேர்ந்து எடுக்கறது, மிச்சம் இருந்துச்சி, அதையும் ஒரு உருண்ட. கலக்கிட்டு நிமிர்றேன், போன் அடிக்குது சார்! ‘யம்மா, ஒன்னும் ஆவல, நல்லா இருக்கேன்’றான். இனிமே நான் நிறுத்துவனா? நீங்க நிறுத்துவீங்களா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி போட்டுக்கினு வர்றேன். நேத்துதான் பௌர்ணமி. இந்த பாட்டில்ல இருக்கறது புதுசு.

தலையில கை வெக்காதீங்க சார், வயசுப் புள்ள.

இன்னா சொன்னீங்க?… மெதுவா சொல்லுங்க… பில்டர்ல போயி அடைச்சிக்குமா? எது, விபூதியா? கண்டுபுடிக்காம உள்ள போச்சின்னா… இஞ்சின் நின்னுடுமா? நடுக்கடல்லயா?

…

நான் அத நெனக்கவே இல்ல தம்பி.

…

அவன் இருக்கற கப்பலு… நான் போட்டதால நின்னா… அய்யோ, வேணாம். நீங்க அந்த டிரம்ம கீழ கவுத்துடுங்க. இல்ல இல்ல, எறும்பு செத்துடும், விருசபதாசன் சாப்பாட்ட நிறுத்திடுவாரு. எடுத்துக்கினு போயி வேற எங்கயாவது தனியா வைங்க. எந்தக் கப்பலுக்கும் வேணாம். லாரிக்குக் கூட வேணாம், அதுலயும் ஒருத்தி புள்ள உக்காந்துதானே ஓட்டறான்? இதோ புடிங்க சாவி. இல்ல, உங்களுக்கு எதுக்கு, விருசபதாசன்கிட்ட குடுத்துடறேன். முருகையன் எண்ணெயக் கூட அவரு துணியில வடிகட்டித்தான் ஊத்துவாரு. எங்க வரிசைய மட்டும் அடிச்சிடாதீங்க தம்பி. சாம்பல் யாருன்னு மேல கேட்டா கஸ்தூரின்னு சொல்லுங்க, பஜ்ஜி கடை கஸ்தூரி. முருகையன் இல்ல. விருசபதாசன் இல்ல. அவங்க ரெண்டு பேரு கிட்டயும் நானே போயி சொல்லிக்கறேன். நீங்க சொல்லிடாதீங்க, முருகையன் வாயில என்னால உழ முடியாது, நான் கொஞ்சம் மாத்தி சொல்லிக்கறேன். அந்த டிரம்மு இருந்தாத்தான் தம்பி, என் கையால ஏதோ ஒன்னு அவன் கிட்ட போயி சேருதுன்னு எனக்கு இருக்கும். போன்ல சாப்ட்டியான்னு கேக்கறதத் தவிர நான் வேற இன்னா பண்றேன் அவனுக்கு?

சரியா? தலைய ஆட்டறீங்க, அது சரின்னா, இல்லன்னா? சரின்னே வெச்சிக்கறேன். நல்ல புள்ள நீங்க. எழுந்துட்டீங்களே, கெளம்பிட்டீங்களா? அதுக்குள்ளயா? டீ சொன்னேனே! மெட்ராஸ் வரைக்கும் பைக்குலயே போவணும், சொன்னீங்க… ரோடெல்லாம் லாரி… உங்கம்மா வேற ஊட்ல காத்துக்கினு இருக்கும்… தம்பி, ஒரு நிமிசம். ஓடாதீங்க. ஒன்னு சொல்லணும்.

இல்ல, நான் பூட்டத் தெறந்து வுட்டதும் நீங்க பின்னால டிரம்முகிட்ட குனிஞ்சி பாட்டில ரொப்பிக்கினு இருந்தீங்களே, அப்ப இங்க வாசல்ல உங்க வண்டி வெயில்ல தனியா நின்னுக்கினு இருந்துச்சி. சாவிய அதுலயே வுட்டுட்டுப் போயிட்டீங்க. பாக்கவே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சி. யாரு பெத்த புள்ளையோ, அம்மாம் தூரம் போவுதேன்னு… அந்தப் பெட்ரோல் டேங்கு மூடி சுலுவா தெறந்துக்கிச்சி தம்பி. ஒரு கைதான். ஒரு கை கூட இல்ல, முக்கா கை.

உதைக்காதீங்க, உதைக்காதீங்க! சும்மா சும்மா உதைச்சா உள்ள எறங்கிடும், உள்ள போனா இஞ்சின் நின்னுடும்னு இப்பதானே நீங்க சொன்னீங்க? எறங்குங்க. ஓரமா தள்ளி நிறுத்துங்க. முருகையன் தம்பி மெக்கானிக்குதான், கூப்புட்டு அனுப்பறேன், வருவான். வர்றதுக்கு நேரம் ஆவும்.

வாங்க, வந்து உள்ள உக்காருங்க. மொளகா பஜ்ஜி ஒரு ஈடு போடறேன். கலையரசன் கப்பல் இன்னும் எந்தெந்த ஊருக்குப் போவுதுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லியே…